கிணத்துக்கு வெடி வைக்க அனுமதி எடுத்த ஆக்கள் இருக்கிறீங்களோ?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனில எங்கட தோட்டக் கிணறு இந்த ஆவணியோட அடி தெரிஞ்சிட்டுது. வாளியை விட்டா 'டங்' எண்டு கல்லில இடிக்குது. இன்னும் நாலைஞ்சு அடி இறக்கவேணும். கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, அலவாங்கு மழுங்கினதுதான் மிச்சம். (கனக்க இறக்கினா உவர் ஏறும் எண்டு தெரியும், அதால அளவோடதான்.)

பார்க்க வந்த ஒருத்தர், "சாமான் இருக்கு தம்பி, பின்னேரம் சத்தமில்லாமல் ரெண்டு வெடி வைச்சுத் தாறன்" எண்டார். சத்தமில்லாத வெடி எப்பிடியோ! அனுமதியில்லாமல் வெடிமருந்து வைச்சிருக்கிறதே 1956ஆம் ஆண்டு 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டப்படி குற்றம். பிடிபட்டா பொலிஸ், நீதிமன்றம் எண்டு அலையிறது நான்தான். பக்கத்து வீட்டுச் சுவரும் கிட்ட, ஏற்கெனவே கீறல் விட்டிருக்கு. அந்த வீட்டு ஆச்சி இப்பவும் தீபாவளி வெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு உள்ளுக்கு ஓடுறவ.

ஒழுங்கா அனுமதி எடுத்துச் செய்த ஆக்கள் சொல்லுங்கோ: விண்ணப்பம் காணிக்காரன்ர பேரிலயா, வெடி வைக்கிறவற்ர பேரிலயா? கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நேர போகலாமோ, கிராம சேவையாளற்ர கடிதம் முதல் வேணுமோ? அயலாரின்ர சம்மதம் எழுத்தில கேக்கிறவையோ?

வெடியே வேண்டாம், கொம்பிரசர் இறக்கி உடைக்கலாம் எண்டாலும் சொல்லுங்கோ. அடிக்கு என்ன கூலி போகுது? ஐப்பசி மழைக்கு முதல் முடிக்கவேணும்.