யூகே வந்ததுல இருந்து காரணம் தெரியாத அசதி, கால் வலி, முடி கொட்டுறது: விட்டமின் டி, தைராய்டு டெஸ்ட் பத்தி கொஞ்சம் விவரமா

யூகே வந்ததுல இருந்து அசதி, கால் வலி, முடி கொட்டுது, என்ன காரணம், என்ன டெஸ்ட் எடுக்கணும்னு இங்கிலாந்துல ரீடிங்ங்கற ஊர்ல இருந்து கேட்டிருந்த தங்கச்சிக்கு பதில் போடத்தான் உக்காந்தேன், ஆனா குளிர் ஆரம்பிச்சாலே இதே கேள்வி திரும்பத் திரும்ப வருது, அதனால புதுசா வந்திருக்கற எல்லாருக்கும் சேர்த்தே எழுதிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

நீங்க சொன்னது எல்லாமே ரொம்ப பேருக்கு இருக்கு. எட்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சாலும் அசதி, ஹீட்டர் ஓடுற ரூம்லயும் குளிருது, சாப்பாடு கூடல ஆனா எடை கூடுது, சீப்புல கொத்து கொத்தா முடி, பீரியட்ஸ் முன்ன விட அதிகமா போகுது. ஊர்ல கேட்டா தண்ணி ஒத்துக்கலன்னு சொல்லுவாங்க, இங்க ஜிபி (நம்ம ஏரியா குடும்ப டாக்டர்) கிட்ட போனா புது நாடு, ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்னு சொல்லுவாங்க. ஸ்ட்ரெஸ் இருக்கலாம், தனியா வீட்டுக்குள்ளயே கிடந்தா மனசு வாடத்தான் செய்யும், அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த முடிவுக்கு வரதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துப் பாக்கணும். இந்த லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணுமே தைராய்டு கம்மியா இருந்தாலும் வரும், பாதி இரும்புச்சத்து குறைஞ்சாலும் வரும், அசதி பி12 குறைஞ்சாலும் வரும், அசதியும் தொடை வலியும் சேர்ந்து விட்டமின் டி குறைஞ்சாலும் வரும். அறிகுறிய மட்டும் வச்சு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

முதல்ல விட்டமின் டி. இங்க மார்ச் கடைசி, ஏப்ரல் ஆரம்பத்துல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் வெயில்ல இருந்து அது நம்ம தோல்ல உருவாகும். அக்டோபர்ல இருந்து வெளிய நின்னா கூட அந்த வெயில்ல சத்து கிடையாது, சூரியன் அவ்ளோ தாழ்வா போகுது. நம்ம நிழல் நம்மள விட நீளமா விழுந்தா அந்த வெயில்ல விட்டமின் டி பெருசா கிடைக்காதுன்னு வச்சுக்கங்க, டிசம்பர்ல நடு மதியத்துலயே இங்க நிழல் அப்படித்தான் விழும். ஜன்னல் கண்ணாடி வழியா வர வெயிலும் கணக்குல வராது, தேவையான கதிரை கண்ணாடி தடுத்துரும். நம்ம தோல் நிறத்துக்கு வெள்ளைக்காரங்கள விட அதிக நேரம் வெயில் வேணும், அதனாலதான் மத்தவங்க குளிர்காலத்துல மட்டும் எடுத்தா போதும், தெற்காசிய ஆளுங்க வருஷம் முழுக்க ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கறதைப் பத்தி யோசிக்கணும்னு இங்க அரசாங்க மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸே சொல்லுது. 10 மைக்ரோகிராம்னா 400 யூனிட். இது நம்ம ஆளுங்களுக்கு இன்னைக்கு நேத்து வந்த பிரச்சினை இல்லைங்க, 1960கள்லயே கிளாஸ்கோல குடியேறின தெற்காசிய குடும்பங்கள்ல குழந்தைங்களுக்கு கால் எலும்பு வளையறதை டாக்டர்கள் எழுதி வச்சிருக்காங்க.

எனக்கு எப்படி தெரிஞ்சுதுன்னு சொல்றேன். தரையில உக்காந்து கீரை ஆய்ஞ்சுட்டு எந்திரிக்கணும்னா பக்கத்துல சேர் இல்லாம முடியாது, முழங்காலுக்கு கீழ முன்னெலும்ப விரலால அழுத்துனா உயிர் போற மாதிரி வலிக்கும். முதல்ல பாத்த டாக்டர் கிட்ட கால் வலின்னு சொன்னேன், பாராசிட்டமால் போடுங்கன்னு அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை வேற டாக்டர், அவங்க கிட்ட தரையில இருந்து கை ஊனாம எந்திரிக்க முடியல, படி ஏற கைப்பிடி வேண்டியிருக்குன்னு சொன்னேன், உடனே நிமிர்ந்து பாத்தாங்க, சேர்ல இருந்து எந்திரிச்சு காட்ட சொன்னாங்க, ப்ளட் டெஸ்ட்டும் எழுதிட்டாங்க. விட்டமின் டி 17 வந்துச்சு. அதனால வலிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க, என்ன வேலை செய்ய முடியலன்னு சொல்லுங்க.

இந்த 17ங்கற நம்பர்ல ஒரு விஷயம் இருக்கு, இதை கவனமா படிங்க. ஊர்ல ரிப்போர்ட் நானோகிராம்ல வரும், இங்க நானோமோல்ல வரும். இங்க வர நம்பரை 2.5ஆல வகுத்தாத்தான் ஊர் நம்பர். போன வருஷம் ஒரு பொண்ணுக்கு இங்க 28 வந்துச்சு, சென்னையில இருக்கற சித்தி 30தான் நார்மல், நீ கிட்டத்தட்ட வந்துட்டன்னு சொல்லிட்டாங்க. இங்க 28ன்னா ஊர் கணக்குல வெறும் 11 சொச்சம்தாங்க. இங்க 25க்கு கீழ போனா குறைபாடு, 25ல இருந்து 50 வரைக்கும் சில பேருக்கு பத்தாது, 50க்கு மேல பொதுவா போதும்.

25க்கு கீழ இருந்து அறிகுறியும் இருந்தா வழக்கமா டாக்டரே அதிக டோஸ் எழுதுவாங்க, ஆறுல இருந்து பத்து வாரத்துக்குள்ள மொத்தமா 3 லட்சம் யூனிட் மாதிரி, உதாரணத்துக்கு வாரம் ஒரு 50,000 மாத்திரை ஆறு வாரம், அப்புறம் தினசரி சின்ன டோஸ். லேசான குறைவா இருந்தா நீங்களே கடையில வாங்கிக்கங்கன்னு சொல்லிருவாங்க, அதுக்காக வருத்தப்படாதீங்க, சூப்பர்மார்க்கெட் சொந்த பிராண்டே போதும், விலையும் கம்மி. கொழுப்பு இருக்கற சாப்பாட்டோட போடுங்க, நல்லா உறிஞ்சும். சைவம் சாப்பிடறவங்க, ஹலால் பாக்கறவங்க கேப்ஸ்யூல் ஜெலட்டினா இல்லையான்னு டப்பாவ திருப்பிப் பாருங்க, மாத்திரை வடிவத்துலயும் கிடைக்குது.

ஊர்ல இருந்து வரவங்க கிட்ட 60,000 யூனிட் சாஷே சொல்லி அனுப்பி, அதை டெஸ்ட்டும் எடுக்காம மாசக்கணக்கா குடிக்கறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதுனதை தினமும்னு நினைச்சு குடிச்சா கால்சியம் எகிறிப் போயி வாந்தி, அளவு கடந்த தாகம், கிட்னி பாதிப்பு வரைக்கும் போகும். டாக்டர் சொல்லாம ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம், அதாவது 4,000 யூனிட்டை தாண்டக் கூடாது. பத்து வயசுக்கு கீழ இருக்கற குழந்தைகளுக்கு அதுல பாதிதான் உச்ச வரம்பு, கைக்குழந்தைக்கு அதை விடவும் கம்மி.

சரி, தைராய்டு. நம்ம ஆளுங்க ரொம்ப கோவப்படற இடம் இதுதான். ஊர்ல லேப்ல போயி நின்னா டி3, டி4 (தைராய்டு சுரக்கற ஹார்மோன்கள்), டிஎஸ்ஹெச் (தைராய்டை வேலை செய்யத் தூண்டற ஹார்மோன்) மூணும் சேர்த்து எடுத்துக் கொடுத்துருவாங்க. இங்க முதல்ல டிஎஸ்ஹெச் மட்டும்தான் பாப்பாங்க, அது அளவுக்கு மேல இருந்தா அதே ரத்தத்துல ஃப்ரீ டி4 (ரத்தத்துல எதோடயும் ஒட்டாம இருக்கற டி4), கீழ இருந்தா ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 ரெண்டும். இது அவங்க அலட்சியமா பண்றது இல்ல, சிகிச்சை வழிமுறை எழுதற நைஸ்ங்கற அமைப்போட 2019 வழிகாட்டுதலே அப்படித்தான் இருக்கு, பெரும்பாலானவங்களுக்கு இது போதும். காரணம் என்னன்னா தைராய்டு சுரப்பி லேசா தளர ஆரம்பிச்ச உடனே மூளைக்கு கீழ இருக்கற பிட்யூட்டரி டிஎஸ்ஹெச்சை கூட்டிரும், டி4 குறையறதுக்கு முன்னாடியே இது ஏறிரும். ஆனா பிட்யூட்டரியிலயே கோளாறுன்னா டிஎஸ்ஹெச் நார்மலா காட்டும், டி4தான் குறைஞ்சிருக்கும். பிரசவத்துல நிறைய ரத்தம் போனவங்க, பால் சுரக்காம போனவங்க, பீரியட்ஸ் நின்னு போனவங்க, தலைவலியோட பார்வையும் மங்குறவங்க இதை ஜிபி கிட்ட வாய் விட்டு சொல்லி ஃப்ரீ டி4ம் சேர்த்து கேளுங்க. பிரசவம் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள தைராய்டு ஏறி இறங்கறதும் உண்டு, குழந்தைய பாத்துக்கற களைப்புன்னு எல்லாரும் விட்டுடறாங்க.

டிஎஸ்ஹெச் பொதுவா 0.4ல இருந்து 4 வரைக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். மூணு மாச இடைவெளியில ரெண்டு தடவை 10க்கு மேல வந்தா மருந்து ஆரம்பிக்கறதைப் பத்தி யோசிப்பாங்க. 4க்கும் 10க்கும் நடுவுல இருந்து, அறிகுறி இருந்து, வயசு 65க்கு கீழன்னா, ரெண்டு தடவையும் அப்படியே வந்தா ஆறு மாசம் லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கொடுத்துப் பாக்கலாம்னும் அதே வழிகாட்டுதல்ல இருக்கு. இதை நீங்க தெரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா 6.8 வந்த ஒருத்தருக்கு ரிசப்ஷன்ல பார்டர்லைன், நோ ஆக்‌ஷன்னு மட்டும் சொல்லி ஃபோனை வச்சிட்டாங்க. அவங்க திரும்ப கூப்பிட்டு மூணு மாசத்துல ரிப்பீட் எப்போ, டிபிஓ ஆன்டிபாடி (உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டை தாக்குதான்னு காட்டறது) பாத்தீங்களான்னு கேட்டாங்க, அப்புறம்தான் நடந்துச்சு. அந்த ஆன்டிபாடி பாசிட்டிவ்னா பின்னாடி தைராய்டு முழுசா குறைய வாய்ப்பு அதிகம், அதனால வருஷா வருஷம் பாக்கணும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு இருந்தா, உங்களுக்கு டைப் 1 சுகர் இருந்தா அதையும் சொல்லிருங்க.

டெஸ்ட்டுக்கு முன்னாடி முக்கியமா ஒண்ணு. முடி கொட்டுதுன்னு பயோட்டின் (ஒரு வகை பி விட்டமின்) மாத்திரை, ஹேர் அண்ட் நெயில் கம்மீஸ் எல்லாம் சாப்பிடறீங்கல்ல, அது சில லேப் மெஷின்கள்ல தைராய்டு ரிசல்ட்டையே தப்பா காட்ட வச்சிரும். ரெண்டு நாளாவது முன்னாடி நிறுத்துங்க, ரொம்ப அதிக டோஸ்னா இன்னும் முன்னாடியே, டாக்டர் கிட்டயும் சொல்லிருங்க. வெறும் வயிறு தேவையில்ல. ரிப்பீட் டெஸ்ட்டை முன்ன எடுத்த அதே நேரத்துல எடுத்தா ஒப்பிட நல்லது, டிஎஸ்ஹெச் காலையில கூடவும் மதியம் குறைவாவும் இருக்கும்.

ஜிபி கிட்ட போயி ஃபுல் பாடி செக்கப் வேணும்னு கேக்காதீங்க, இங்க அப்படி ஒண்ணு கிடையாது, கேட்ட உடனே பேச்சு அங்கயே நின்னுரும். அறிகுறி எப்ப ஆரம்பிச்சுது, என்ன வேலைய பாதிக்குதுன்னு ஒரு பக்கத்துல எழுதிட்டு போங்க, பத்து நிமிஷம்தான் கிடைக்கும். ஃபுல் ப்ளட் கவுண்ட் (ரத்த அணுக்கள் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு சேமிப்பு), பி12, ஃபோலேட் (இன்னொரு பி விட்டமின்), ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி), டிஎஸ்ஹெச், கால்சியம் இதெல்லாம் பாக்க முடியுமான்னு கேளுங்க, எலும்பு வலியோ தசை பலவீனமோ இருந்தா விட்டமின் டியும். ஃபெரிட்டின் ரொம்ப முக்கியம், ஹீமோகுளோபின் நார்மலா இருந்தும் ஃபெரிட்டின் 30க்கு கீழ இருந்தா இரும்பு பத்தலைன்னு அர்த்தம், பீரியட்ஸ் அதிகமா போறவங்களுக்கு இது சகஜம். இங்கிலீஷ் தடுமாறுச்சுன்னா அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் இன்டர்ப்ரெட்டர் கேளுங்க, காசு கிடையாது, புருஷன்தான் கூட வந்து மொழிபெயர்க்கணும்னு இல்ல. ஜிபில ரெஜிஸ்டர் பண்ண அட்ரஸ் ப்ரூஃபும் விசா பேப்பரும் கட்டாயம் இல்ல, இல்லைன்னு திருப்பி அனுப்பக் கூடாது.

ரிசல்ட் வந்தா நார்மல்னு ஒரு வார்த்தையோட ஃபோனை வைக்காதீங்க. என்ன டெஸ்ட், என்ன நம்பர், என்ன யூனிட், லேபோட அளவு என்ன, இந்த நாலும் கேளுங்க, என்ஹெச்எஸ் ஆப்லயும் பாக்கலாம். அதே பிரச்சினைக்கு மூணு தடவை போயும் ஒண்ணும் கண்டுபிடிக்கலன்னா, இங்கிலாந்துல 2025 செப்டம்பர்ல இருந்து ஜெஸ்ஸஸ் ரூல் (Jess's Rule)னு ஒண்ணு இருக்கு, மூணாவது தடவை டாக்டர் முதல்ல இருந்து புதுசா யோசிக்கணும்னு. அமைதியா, இது மூணாவது தடவை டாக்டர்னு ஞாபகப்படுத்துங்க. காரணமில்லாம எடை குறையுது, ராத்திரி வேர்த்துக் கொட்டுது, மூணு வாரத்துக்கு மேல இருமல், கழுத்துல கட்டின்னு இருந்தா விட்டமினைப் பத்தி யோசிச்சுட்டு இருக்காதீங்க, உடனே போங்க, இந்தியாவுல இருந்து வந்திருக்கேன்னும் சொல்லுங்க, டிபியும் பாக்கணும்.

ஊர்லயே தைராய்டு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்க, தீரற வரைக்கும் காத்திருக்காதீங்க, கடைசி ரிப்போர்ட்டும் சீட்டும் எடுத்துட்டு ரெஜிஸ்டர் பண்ண உடனே ஜிபியை பாருங்க. வெறும் வயித்துல தண்ணியோட போட்டு அரை மணியாவது கழிச்சுத்தான் காபி, டீ, டிபன். கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க, இது தெரியாம மூணையும் ஒண்ணா முழுங்கிட்டு டோஸ் பத்தலன்னு ஏத்திட்டே போறவங்க உண்டு. கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னைக்கே ஜிபிக்கு ஃபோன் பண்ணுங்க, டோஸ் பெரும்பாலும் கூட்ட வேண்டி வரும், முதல் மிட்வைஃப் (பிரசவம் பாக்கற நர்ஸ்) அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் விடாதீங்க.

அயோடின் பத்தி ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. ஆமா அக்கா, ஊர் உப்புல இருக்கும், இங்க சாதாரண உப்புல பெரும்பாலும் இருக்காது, இங்க உள்ளவங்களுக்கு பால், மீன், முட்டையிலதான் கிடைக்குது. பால் விட்டுட்டு ஓட் மில்க்குக்கு மாறினவங்க அயோடின் சேர்த்ததான்னு டப்பாவுல பாருங்க. ஆனா கெல்ப் (கடல்பாசி) மாத்திரை வாங்கி போடாதீங்க, அதிக அயோடின் தைராய்டை இன்னும் கெடுக்கும்.

காசு விஷயம்: இங்கிலாந்துல ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட், ஆனா தைராய்டு குறைவுக்கு தினசரி ஹார்மோன் மாத்திரை எடுக்கறவங்களுக்கு மெடிக்கல் எக்ஸெம்ப்ஷன் (மருந்து கட்டண விலக்கு) உண்டு, ஜிபி கிளினிக்ல (இங்க சர்ஜரின்னு சொல்லுவாங்க) எஃப்பி92ஏ ஃபார்ம் கேளுங்க, கார்டு வந்துட்டா தைராய்டு மாத்திரைக்கு மட்டும் இல்ல, என்ஹெச்எஸ்ல எழுதற எல்லா மருந்துக்கும் காசு கிடையாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல இருக்கறவங்களுக்கு எப்படியும் இலவசம்தான்.

ரீடிங் தங்கச்சி, ப்ளட் எடுத்து ரிசல்ட் வந்ததும் ஜிபி என்ன சொன்னாங்கன்னு இங்க போடுங்க, நம்பரோட யூனிட்டும் சேர்த்து.