சனசமூக நிலைய ரீவியில் போனைக் காட்டுவது: ஒரு போனில் சரிவருகிறது, என் போனில் வரவில்லை

திருக்கடலூர் ரீச்சர்

வணக்கம். திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் போன வருசம் 43 அங்குல ரீவி ஒன்று வாங்கித் தந்தார். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அது பிள்ளைகளுக்கு. எட்டு மணிக்குப் பிறகு கடலுக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், காற்று வரைபடம் பார்க்க. முன்பு ஒரு போனுக்கு மேல் நாலு தலை முட்டிக்கொள்ளும். இப்போது பத்துப் பேர் கதிரையில் இருந்தபடியே கச்சான் காற்று எத்தனை மணிக்கு விழும் என்று சண்டை பிடிக்கிறார்கள்.

இனி என் பாடு. ரைப்-சி இலிருந்து எச்டிஎம்ஐ போகும் வயர் ஒன்று 2,800 ரூபா கொடுத்து வாங்கினேன். மருமகனின் கெலக்ஸி எஸ்21 இல் செருகியதும் ரீவியில் கொம்பியூட்டர் மாதிரி ஒரு திரையே விரிந்தது. என் கெலக்ஸி ஏ15 இல் செருகினால் 'சிக்னல் இல்லை' என்ற நீலத்திரைதான். ஓட்டை ஒன்றுதானே! கடைக்காரர் போனில்தான் பிழை என்கிறார்.

சரி என்று வயர் இல்லாமல் இணைத்துப் பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் விரலால் கோடு இழுத்தால் ரீவியில் அது ஆறுதலாகத்தான் வருகிறது. ஒரு நாள் பைதகரசுக்கு நடுவில் ரோட்டில் நின்ற யாரோ பெடியன் தன் போனை எங்கள் ரீவியில் இணைத்துவிட்டான். செங்கோண முக்கோணம் போய் ஒரு டான்ஸ் வீடியோ. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்த கிழமை, பதினாலு பிள்ளைகளும் இரண்டு தாய்மாரும் பார்த்திருக்க, என் அடகு நகைக்குத் தவணை முடிகிறது என்ற குறுஞ்செய்தி 43 அங்குலத்தில் மேலிருந்து இறங்கி வந்தது. விடிய மீன் வாங்கப் போன இடத்தில், "ரீச்சர், சங்கிலியை மீட்டாச்சோ?" என்று கேட்டார்கள்.

அலமாரியில் ஒரு ராஸ்பெரி பை 3 உம் இருக்கிறது, உள்ளங்கையளவுக் கொம்பியூட்டர், ரீவியோடு சேர்ந்து வந்தது. போன் சார்ஜரில் போட்டால் திரை மூலையில் மஞ்சள் மின்னல் அடையாளம் வந்து நின்றுபோகிறது. இவற்றை வைத்து என்ன செய்யலாம்?

ரிப்பேர் தம்பி, மத்திய வீதி

அக்கா, உங்கள் போனில் பிழை இல்லை. கடைக்காரர் வயரை விற்றுவிட்டார், அவ்வளவுதான். ரைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும். அதற்குள் படம் போக வேண்டும் என்றால் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை அந்த ஓட்டை வரை போனைத் தயாரித்தவன் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். இந்த ஏற்பாடு 2014 இல் அறிவிக்கப்பட்டது. சம்சுங்கில் 2017 இன் எஸ்8 தொடக்கம் எஸ் வரிசைக்கு இருக்கிறது. நீங்கள் கண்ட கொம்பியூட்டர் மாதிரித் திரைக்கு டெக்ஸ் என்று பெயர். ஏ வரிசையில் அனேகமாக இல்லை. ஏ15 இல் இல்லவே இல்லை. வயரை மாற்றிப் பார்த்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

வாங்கும் முன் போனின் விபரத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். யூஎஸ்பி 2.0 என்று மட்டும் போட்டிருந்தால் அனேகமாகக் கிடையாது. ஐபோன் 15 ஒரு விதிவிலக்கு: டேட்டா வேகம் 2.0 தான், ஆனால் படம் வரும். கூகிள் பிக்ஸல் 8 இன்னும் வேடிக்கை. 2023 இல் விற்றபோது படம் வரவில்லை, 2024 இல் ஒரு அப்டேட் போட்டதும் வந்தது. உள்ளே எல்லாம் இருந்தும் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள்!

மின்னல் அடையாளத்துக்கு அர்த்தம் கரண்ட் போதவில்லை என்பதுதான். பை 3 க்கு 5 வோல்ட் 2.5 அம்பியர் வேண்டும். ரீவியின் யூஎஸ்பி ஓட்டையில் போட்டுவிடாதீர்கள், அது அதற்குப் பற்றாது. ரீவியை முதலில் போட்டுவிட்டு அப்புறம் பையைப் போடுங்கள். திரை இருப்பது தெரியாமல் தொடங்கினால் சில வேளை எச்டிஎம்ஐ பக்கம் படமே அனுப்பாது.

இன்னொன்று. உங்கள் இடம் கடலோடு ஒட்டினது. திருக்கடலூரிலிருந்து வரும் ரீவிகளில் எச்டிஎம்ஐ ஓட்டைக்குள் பச்சை பூத்திருப்பதை நானே எத்தனை தடவை சுரண்டியிருக்கிறேன். பாவிக்காத நேரம் ஒரு துணியால் மூடி வையுங்கள்.

கிண்ணியா மாஸ்டர்

ரீச்சர், அடகு விசயம் யாருக்கும் வரக்கூடியது, விடுங்கள். என் வகுப்பில் என் மனைவி அனுப்பிய மரக்கறி லிஸ்ட் வந்தது.

போனில் 'தொந்தரவு செய்யாதே' என்று போட்டால் மட்டும் காணாது. சத்தம்தான் நிற்கும், செய்தி மேலே எட்டிப்பார்க்கும். அதே இடத்துக்குள் அறிவிப்புகளை மறைக்க இன்னொரு தெரிவு இருக்கிறது. அதையும் போட வேண்டும்.

ரோட்டுப் பெடியனுக்கு: ரீவி செட்டிங்ஸில் புதுப் போன் வரும்போது ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும்படி வைக்கலாம், சிலதில் பின் நம்பரும் கேட்கும். ரிமோட்டை உங்கள் கையில் வைத்திருங்கள்.

இரண்டு வேலையைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. போன் திரையை அப்படியே காட்டுவது ஒன்று. யூரியூப்பில் காஸ்ட் பொத்தானை அமர்த்துவது வேறு. காஸ்டில் வீடியோவை ரீவியே நேராக இன்டர்நெட்டிலிருந்து இழுக்கும், உங்கள் போன் வெறும் ரிமோட். அதனால் உங்கள் குறுஞ்செய்தி அங்கே வராது. ஆனால் ரீவிக்கு வைஃபை வேண்டும், டேட்டா ரவுட்டரில் கழியும். திரையை அப்படியே காட்டும் மிராகாஸ்ட் முறை போனுக்கும் ரீவிக்கும் நேரே ஓடுவது, ரவுட்டரே தேவையில்லை. படத்தை ஒவ்வொரு நொடியும் சுருக்கி அனுப்பி விரிப்பதால்தான் உங்கள் கோடு பிந்துகிறது. பாடம் எழுதிக் காட்ட அது உதவாது.

பாலையூற்று

பழைய லப்டொப் ஒன்று கிடைக்குமா? எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் போதும். ஸ்கிரீன் காப்பி என்று ஒரு இலவச மென்பொருள். எழுதும்போது எஸ்-சி-ஆர்-சி-பி-வை என்று ஆறே எழுத்து, வாயில் நுழையாது. சாதாரண சார்ஜ் வயரால் போனை லப்டொப்பில் செருகினால் போன் திரை அங்கே வரும், லப்டொப்பிலிருந்து ரீவிக்குப் போகும். டிஸ்ப்ளேபோர்ட் தேவையில்லை. ஏ15 உம் வரும், எங்கள் வீட்டு ரெட்மியும் வருகிறது. அன்ட்ரொயிட் 5 க்கு மேல் எதுவும் சரி. சத்தமும் வேண்டுமென்றால் 11 இலிருந்து.

3.0 பதிப்பிலிருந்து இன்னொரு வசதி இருக்கிறது: போனின் உண்மையான திரையைக் காட்டாமல் தனியாக ஒரு கற்பனைத் திரை திறந்து அதில் ஒரே ஒரு அப்பை மட்டும் ஓட்டலாம்.

ரிப்பேர் தம்பி, மத்திய வீதி

பாலையூற்று அண்ணை சொன்னது நல்ல வழி. ஒரு எச்சரிக்கை மட்டும். அதற்கு போனில் யூஎஸ்பி டிபக்கிங் திறக்க வேண்டும், அதாவது வயர் வழியாகக் கொம்பியூட்டர் போனை இயக்க விடும் செட்டிங். பொது லப்டொப்பில் 'எப்போதும் அனுமதி' என்ற கட்டத்தில் சரி அடையாளம் போடாதீர்கள், வேலை முடிந்ததும் டிபக்கிங்கை மூடுங்கள். பூட்டாத போனை அந்த வயரில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகவும் வேண்டாம்.

திருக்கடலூர் ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை இருந்து பார்த்தேன்.

2.5 அம்பியர் சார்ஜர் போட்டதும் மின்னல் போய்விட்டது. பை இப்போது எச்டிஎம்ஐ 1 இல் நிரந்தரமாக இருக்கிறது. பிரவுசரில் காற்று வரைபடம் திறந்தபடி. கடலுக்குப் போகிறவர்களுக்கு இனி யாருடைய போனும் வேண்டியதில்லை, மவுசை யார் பிடிப்பது என்பதில்தான் சண்டை. மருமகனின் பழைய லப்டொப் எச்டிஎம்ஐ 2 இல். என் ஏ15 இல் கோடு இழுத்தால் ரீவியில் கையோடு வருகிறது. கற்பனைத் திரையில் நோட்ஸ் அப் மட்டும்தான் தெரிகிறது. கறுப்பு விண்டோவில் தட்டும் கட்டளையை மருமகன் ஒரு துண்டில் எழுதி லப்டொப் மூடியில் ஒட்டித் தந்தான். வயர் என்னிடம் சும்மா கிடக்கிறது, எஸ் வரிசைப் போன் வைத்திருக்கும் யாராவது ஊரில் இருந்தால் 1,500 ரூபாவுக்குத் தருகிறேன்.

ஒரு குறை மிச்சம். பையின் படத்தில் மேல் விளிம்பு வெட்டுப்படுகிறது. பிரவுசரின் தாவல்களே தெரியவில்லை.

ரிப்பேர் தம்பி, மத்திய வீதி

ரீவியின் பட அளவில் 16:9 என்று நிற்கும் அக்கா. அதை 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கான்' என்று மாற்றுங்கள். வயரை வித்தாச்சோ? எனக்கு ஒன்று தேவை.

திருக்கடலூர் ரீச்சர்

மாற்றினேன், விளிம்பு வந்துவிட்டது. வயர் இருக்கிறது தம்பி. கடைக்கு வரும்போது கொண்டுவருகிறேன், 1,500 தான், பேரம் இல்லை. சங்கிலி இன்னும் மீட்கவில்லை.