புதுப்பிப்பு: பழைய சேலைப் போர்வையில் விழுந்த சுருக்கம் தீர்ந்தது

அக்கா பேரனுக்காக அம்மாவின் நூல் சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வை நடுவில் சுருங்குகிறது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தையலை முழுவதும் பிரித்து, உங்களில் ஒருவர் சொன்னபடி துணிகளைத் தரையில் இழுத்து விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் பிடித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக நான்கு விரல் இடைவெளியில் தற்காலிக நூலோட்டிய பிறகே ஓட்டுத்தையல் போட்டேன், சுருக்கமே விழவில்லை.

எதிர்பாராதது முதல் சலவையில் நேர்ந்தது. அடியில் வைத்த புது மல் துணி (மெல்லிய பருத்தித் துணி) சுருங்கிவிட, பல ஆண்டுகள் துவைத்து இனிச் சுருங்க இடமில்லாத சேலைகள் மேலே சிற்றலைகளாக எழும்பின. அம்மாவின் மாம்பழ மஞ்சள் கரையருகே அது நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் குழந்தைக்கு உறுத்தவில்லை. தோழிக்கான அடுத்த போர்வைக்குப் புதுத் துணியை இரண்டு முறை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டியிருக்கிறேன்.