கடுவன் பூனை, சீனி 400, இன்சுலின் கூட்டியும் இறங்குதில்ல. அவசரம்

கல்லடிக்காரன்:
கடுவன், 8 வயசு. போன மாசம் சீனி வருத்தம் எண்டு பிடிபட்டது. காலை 7, இரவு 7 இன்சுலின். ஊசிக்கு முன்னம் காலையில 380, இரவு 410. 1 யூனிட்டில தொடங்கி இப்ப 2, ஒரு மாற்றமும் இல்ல. நாளைக்கு 3 ஆக்கலாமா? கெதியா சொல்லுங்க.

வாவிக்கரை:
எந்த இன்சுலின்? தெளிவா, கலங்கலா? நிறை? என்ன தின்னுது? தோல் கடிக்கு ஸ்டீரொயிட் ஊசி ஏதும் போட்டதா? ஊசிக்கு முன்னம் பாக்கிற நம்பரை மட்டும் வச்சு டோஸ் கூட்டப்படாது. போட்டு 4, 6, 8 மணித்தியாலத்தில காதில குத்திச் சீனி பாத்தாத்தான் எவ்வளவு அடிக்கு இறங்குதெண்டு தெரியும்.

நெல்லுமூட்டை:
சாப்பாடுதான் காரணம். சோறு, பால், பிஸ்கட் மூண்டையும் நிப்பாட்டுங்க. அவிச்ச மீனும் கோழியும் மட்டும்.

அனுபவஸ்தன்:
இதைப் பத்துத் தரம் எழுதியாச்சு, ஒருத்தரும் தேடி வாசிக்கிறதில்ல. இது ரீபவுண்ட். சீனி அடிக்குப் போனா ஈரல் சேத்து வச்ச குளுக்கோசை அவிழ்த்து விடும், அதுதான் 400. குறைக்கோணும். படிச்சிட்டு வளருங்க தம்பி.

வாவிக்கரை:
கிளார்ஜின் எண்ட இன்சுலின் போடுற பூனையில ரீபவுண்ட் நினைக்கிற அளவுக்கு வாறதில்ல, அண்ணே. அடி நம்பர் இல்லாம ரெண்டு பேரும் ஊகம்தான். நெல்லுமூட்டை நானா, சோத்தை ஒரே நாளில நிப்பாட்டச் சொல்லாதீங்க. மாப்பொருள் குறைஞ்சா இன்சுலினும் குறையோணும். பழைய டோசிலயே விட்டா பூனை சரிஞ்சிரும்.

பானைக்காரன்:
பிரிட்ஜா? கரண்ட் போய் வந்து மருந்து கெட்டிருக்கும். புதுக் குப்பி எடுங்க.

கல்லடிக்காரன்:
கிளார்ஜின், தண்ணி மாதிரித் தெளிவு. 4.2 கிலோ. சோறும் சூடை மீனும். வேற ஊசி இல்ல. பகல் வேலை, பாக்க ஆளில்ல. ஞாயிறு 1 மணிக்கு ஒருக்காப் பாத்தன், 48 காட்டிச்சு. மெஷின் பிழையெண்டு விட்டுட்டன்.

வாவிக்கரை:
விட்டுட்டீங்களா! மனிசர்ர மெஷின் பூனை இரத்தத்தில கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும், உண்மைதான். ஆனா 50க்குக் கீழ கண்டா அதைச் சொல்லித் தப்பேலாது. தள்ளாட்டம், நடுக்கம், வெறிச்ச பார்வை இருந்தா ஒரு தேக்கரண்டி தேனை விரலால பல் முரசில தடவுங்க. வலிப்பு வந்தா வாய்க்குள்ள ஊத்தாதீங்க, புரையேறும். தெளிஞ்ச உடனே சாப்பாடு, 15 நிமிசத்துக்கு ஒருக்காக் குத்திப் பாருங்க, டொக்டருக்குக் கோல் எடுங்க. பானைக்காரன், கெட்ட மருந்து 48க்கு இறக்காது.

பாமசிப்பொடியன்:
எல்லாரும் மருந்தைக் கேக்கிறீங்க, சிரிஞ்சை ஒருத்தரும் கேக்கல்ல. எங்க வாங்கினது? மூடி என்ன நிறம்?

கல்லடிக்காரன்:
மச்சான் சென்னையில இருந்து வரக்குள்ள ஒரு பெட்டி கொண்டு வந்தவர். சிவப்பு. ஏன்?

பாமசிப்பொடியன்:
கையில எடுத்துப் பாருங்க, 40 எண்டு அச்சடிச்சிருக்கும். அந்தச் சிரிஞ்ச் மில்லிலீட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு. உங்கட கிளார்ஜின் மில்லிலீட்டருக்கு 100. 40 சிரிஞ்சில 2ஆம் கோடு 0.05 மில்லி. அதுக்குள்ள உங்கட மருந்து 5 யூனிட். தொடங்கின நாளே 1 இல்ல, 2.5 போட்டிருக்கிறீங்க. நாளைக்கு 3 எண்டு இழுத்தா 7.5.

இண்டைக்கு இரவு ஊசியை டொக்டர்ட்டக் கேக்காமப் போடாதீங்க, சிரிஞ்சையும் கொண்டுபோய்க் காட்டுங்க. பிறகு 100 எண்டு அச்சடிச்ச, செம்மஞ்சள் மூடி, 30 யூனிட் சிரிஞ்ச் வாங்குங்க. அரை யூனிட் கோடு இருந்தா நல்லம். இந்த நிறைக்கு வழமையா உண்மையான 1 யூனிட்டில இருந்துதான் தொடங்கிறது. 5, 7 நாள் அதே டோஸ், பிறகு கூட்டினாலும் குறைச்சாலும் அரை யூனிட்தான். ஊசிக்கு முன்னம் 200க்குக் கீழ இருந்தாப் போடாமக் கேளுங்க.

வாவிக்கரை:
சீனி பாக்கக் காதில குத்த முன்னம் சுடுதண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியை ஒரு நிமிசம் பிடிங்க. ஓரத்தில வஸ்லின் துளியாப் பூசினா இரத்தம் மயிருக்குள்ள பரவாம மணி மாதிரி நிக்கும். ஊசி பிடரியில வேணாம், விலாப் பக்கம். மயிர் ஈரமாகி மருந்து வெளிய போனா, எவ்வளவு போனதெண்டு தெரியாது, திரும்பப் போடாதீங்க.

அனுபவஸ்தன்:
ரீபவுண்ட் எண்டு முதலே சொன்னன். குறைக்கச் சொன்னது நான்தான்.

பாமசிப்பொடியன்:
குறைக்கச் சொன்னீங்க, 5இல இருந்தெண்டு தெரியாம.

பானைக்காரன்:
பிரிட்ஜ் ஆபத்துத்தான். குப்பியை மண்பானைக்குள்ள வைங்க, கரண்ட் தேவையில்ல.

நெல்லுமூட்டை:
மண்பானை கச்சான் காத்து வீசக்குள்ள நல்லாக் குளிரும், காத்தில ஈரமில்ல. கார்த்திகை மார்கழி மழையில வச்சுப் பாருங்க, வெளியும் உள்ளும் ஒரே சூடு.

பானைக்காரன்:
திறந்த குப்பி 30 பாகைக்குக் கீழ 28 நாள் நிக்கும். மழைக்காலத்தில அறையே 30க்குக் கீழதானே?

நெல்லுமூட்டை:
பூனைக்கு ஒரு நாளைக்கு 2 யூனிட். 1000 யூனிட் குப்பி 28 நாளில முடியுமா? பிரிட்ஜ் நடுத்தட்டு, ஐஸ்பெட்டிக்குக் கிட்ட இல்ல. உறைஞ்சா எறியுங்க.

கல்லடிக்காரன்:
40 எண்டுதான் இருந்தது. இரவு போடல்ல. டொக்டர் 1 சொல்லியிருக்கார். நேற்று 1 மணிக்கு 140, இரவு 290. நன்றி.

வாவிக்கரை:
சோத்தை எப்ப குறைக்கப் போறீங்க? அதுக்கு முன்னம் டோசைக் கேளுங்க.

பானைக்காரன்:
என்ர பானை ஐப்பசியிலயும் குளிர்ந்ததுதான்.