ஃபர்ம்வேர் ஏற்றிய பிறகு மோட்பஸ் கேட்வே எல்லா மீட்டருக்கும் எக்செப்ஷன் 11 தருகிறது

கேட்டவர்:
ஆர்எஸ்-485 லைனில் எட்டு எனர்ஜி மீட்டர்கள். மோட்பஸ் ஆர்டியுவை (சீரியல் லைனில் மீட்டர்கள் பேசும் முறை) மோட்பஸ் டிசிபியாக (அதையே நெட்வொர்க்கில் பேசும் முறை) மாற்ற ஒரு கேட்வே. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. நேற்று ஃபர்ம்வேர் அப்டேட் செய்தேன். அப்போதிருந்து ஸ்காடாவில் (கண்காணிப்பு மென்பொருள்) எட்டு மீட்டரும் சிவப்பு. பிங் போகிறது, 502 போர்ட்டில் கனெக்ஷனும் கிடைக்கிறது. ஆனால் எதைப் படித்தாலும் எக்செப்ஷன் 11தான். வயரைத் தொடவே இல்லை. போர்டு போய்விட்டதா? பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாமா?

சீரியல்காரன்:
அவசரப்பட்டு எதையும் ஏற்றாதீர்கள். 11 என்றால், "நான் கேட்டேன், அந்தச் சாதனம் பதில் தரவில்லை" என்று கேட்வே சொல்கிறது. டிசிபி பக்கம் சரியாக இருக்கிறது, கோளாறு சீரியல் பக்கம். கேட்வேயில் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது) விளக்குகள் மின்னுகின்றனவா?

கேட்டவர்:
டிஎக்ஸ் விட்டுவிட்டு மின்னுகிறது. ஆர்எக்ஸ் ஒரு தடவைகூட இல்லை.

சீரியல்காரன்:
அப்போ கேள்வி போகிறது, மீட்டர்களுக்குப் புரியவில்லை. ஒரு மீட்டர் மட்டும் என்றால் முகவரியைச் சந்தேகப்படலாம். எட்டும் சேர்ந்து ஊமையானால் முதலில் பாட் ரேட்டையும் (லைன் வேகம்) பாரிட்டியையும் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) பாருங்கள். அப்டேட்டில் செட்டிங் ஃபேக்டரி நிலைக்குப் போயிருக்கும். பாரிட்டி ஒத்துவராத ஃப்ரேமை மீட்டர் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். பிழைச் செய்திகூட அனுப்பாது.

கேட்டவர்:
அதேதான் சார்! மீட்டரில் 9600, ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட். கேட்வேயில் பாரிட்டியே இல்லை என்று இருந்தது. மாற்றியதும் ஆர்எக்ஸுக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் இப்போது இன்னொரு வம்பு: வோல்டேஜுக்கு 10 ரெஜிஸ்டர் (மீட்டரில் மதிப்புகள் இருக்கும் 2 பைட் இடங்கள்) படித்தால் வருகிறது. மொத்தமாக 60 ரெஜிஸ்டர் கேட்டால் மறுபடி 11.

சீரியல்காரன்:
கேட்வேயில் ரெஸ்பான்ஸ் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) எவ்வளவு?

கேட்டவர்:
100 மில்லி செகண்ட். இதுவும் தானாக மாறியதுதான் போல.

சீரியல்காரன்:
கணக்குப் போடுங்கள். 60 ரெஜிஸ்டர் என்றால் 120 பைட். முகவரி, ஃபங்ஷன் கோட், பைட் கவுண்ட், சிஆர்சி (2 பைட் பிழைச் சரிபார்ப்பு) சேர்த்து 125. உங்கள் செட்டிங்கில் பைட்டுக்கு 11 பிட் (ஸ்டார்ட் 1, டேட்டா 8, பாரிட்டி 1, ஸ்டாப் 1). ஆக 1375 பிட். 9600 வேகத்தில் அது வந்து சேரவே 143 மில்லி செகண்ட் ஆகும். மீட்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்வே காதைப் பொத்திக்கொள்கிறது. 10 ரெஜிஸ்டர் 29 மில்லி செகண்டில் முடிவதால் தப்பிக்கிறது. (முதல் பைட் வரும்வரை மட்டும் எண்ணுகிற கேட்வேக்களும் உண்டு, உங்களுடையது முழுப் பதிலுக்கும் எண்ணுகிற வகை.) 1000 வையுங்கள்.

ஒயர்மேன்:
குறுக்கே வருகிறேன். 1000 அதிகம், 500 போதும். ஒரு மீட்டர் செத்துப்போனால் மற்ற ஏழும் ஒவ்வொரு சுற்றிலும் அதற்காகக் காத்து நிற்கும். இன்னொன்று, ஸ்காடாவின் டைம்அவுட் கேட்வேயுடையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

கேட்டவர்:
500 வைத்தேன், ஸ்காடாவில் 3 செகண்ட். எட்டும் பச்சை! பழைய பேக்கப் ஃபைலைப் புது ஃபர்ம்வேர் ஏற்க மறுத்துவிட்டது, அதனால் இந்த முறை செட்டிங் பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்து வைத்துவிட்டேன். நன்றி சார், இரண்டு பேருக்கும்.