பேராசிரியர் இரவீந்திரநாத் வழக்கு: கடத்தல் என்பதா, கொலை என்பதா?

காலிவீதி:
இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சி. இரவீந்திரநாத் காணாமற்போன வழக்கில் 2025 ஏப்ரலில் கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் பிள்ளையானை மட்டக்களப்பில் கைது செய்தார்கள். உடனே வெள்ளவத்தையில் சிலர், வழக்கே முடிந்துவிட்டது போலப் பேசத் தொடங்கினார்கள். கைது தீர்ப்பாகாது. ஆட்சி மாறினால் கோப்பு எழும்பும். மறுபடி மாறினால் படுத்துவிடும். இதற்கெல்லாம் கைதட்ட என்னால் முடியாது.

சட்டப்படிப்பு:
ஐயா, ஆட்சியைவிடக் காலக்கெடுதான் எனக்குக் கவலை. அவர் காணாமற்போனது 2006 டிசம்பர் 15. நமது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456ஆம் பிரிவுப்படி கொலைக்கும் இராஜத்துரோகத்துக்கும் மட்டுமே காலத்தடை இல்லை. மற்றக் குற்றங்களுக்கு 20 ஆண்டுகள்தான். வெறும் கடத்தல் என்று வைத்துக்கொண்டால் 2026 டிசம்பரோடு அந்தக் கதவு மூடப்படும். ஆகவே கொலை என்றே வழக்குத் தொடர வேண்டும்.

வந்தாறுமூலை பழைய மாணவி:
சொல்வது சுலபம், தம்பி. உடலும் இல்லை, சாட்சியும் மேடையேறவில்லை. மரணச் சான்றிதழையும் இழப்பீட்டையும் கையில் கொடுத்துக் குடும்பங்களை வீட்டுக்கு அனுப்பத்தான் அரசு இத்தனை காலமும் பார்க்கிறது. இறந்துவிட்டார் என்று நாமே முந்திக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டுமா? எங்கே கொண்டுபோனீர்கள் என்ற கேள்விக்கு முதலில் பதில் வரட்டும்.

சட்டப்படிப்பு:
அக்கா, குடும்பம் கையெழுத்திடுவது வேறு, சட்டமா அதிபர் குற்றம் சாட்டுவது வேறு. பத்திரிகையாளர் பிரகீத் எக்னலிகொட 2010இல் காணாமற்போனார். உடல் கிடைக்காமலே 2019இல் ஒன்பது இராணுவப் புலனாய்வினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. சூழ்நிலைச் சான்று போதும்.

காலிவீதி:
நல்ல உதாரணம்! அந்த வழக்கு இழுபட்ட அழகைப் பார்த்த பிறகுமா? இன்னொன்றையும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். யாழ். மருத்துவ பீடத்தின் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுடப்பட்டார். அதுவும் கொலைதான், அதற்கும் காலத்தடை இல்லை. அதைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லையே. சுட்டது விடுதலைப் புலிகள், அதாவது நம்மவர்கள் என்ற பேச்சு வந்ததும் சட்டப்பிரிவுகள் மறந்துபோகின்றனவா?

வந்தாறுமூலை பழைய மாணவி:
நான் மறக்கவில்லை. ராஜினிக்கும் நீதி வேண்டும். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது. ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மூடாதீர்கள். எங்கள் துணைவேந்தர் எப்படிக் கொழும்புக்கு வந்தார்? கலைப் பீடாதிபதியைக் கடத்திவைத்துக்கொண்டு, துணைவேந்தர் பதவி விலக வேண்டும் என்று மிரட்டினார்கள். அவரும் விலகல் கடிதம் கொடுத்தார். அதை ஏற்காமல், கொழும்பிலிருந்தே வேலை செய்யுங்கள் என்றது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பாதுகாப்பு என்று நம்பி வந்த ஊரில், கொழும்பு 7 வித்யா மாவத்தையில் அறிவியல் மாநாட்டுக்குப் போன மனிதர் திரும்பவில்லை. கிழக்கில் இருந்தவர்களை மட்டும் விசாரித்தால் அது பாதி விசாரணைகூட இல்லை.

சட்டப்படிப்பு:
அதில் மறுப்பில்லை. உயர் பாதுகாப்பு வலயம் அது.

காலிவீதி:
அந்தக் காலத்தில் பம்பலப்பிட்டியில் பால்மா வாங்கப் போனாலே அடையாள அட்டை கேட்டார்கள். அன்றைக்கு அந்தச் சோதனைச் சாவடிகளில் கடமையில் இருந்தவர்களிடம் வாக்குமூலம் எடுத்தார்களா? எடுத்திருந்தால் அதை நீதிமன்றத்தில் வைக்கட்டும். அப்போது தம்பியின் கொலைக் குற்றச்சாட்டை நானும் ஆதரிக்கிறேன்.

வந்தாறுமூலை பழைய மாணவி:
நான் அப்போதும் மரணச் சான்றிதழுக்குச் சம்மதிக்க மாட்டேன்.