நிசான் இசட் பிரிட்டனில் ஏன் விற்கப்படவில்லை? ஜப்பானிலிருந்து வரவழைக்கலாமா?

கேள்வி (லெஸ்டர்வாசி):
வணக்கம். 2021 ஆகஸ்டில் நிசான் இசட் காரை அறிமுகப்படுத்தியபோதே, ஐரோப்பாவில் அது விற்பனைக்கு வராது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. மாசு விதிகளும் சுருங்கிவரும் ஸ்போர்ட்ஸ் கார் சந்தையுமே காரணம் என்றார்கள். எனக்கு இது விளங்கவில்லை. முந்தைய 370இசட் இங்கு விற்றது. புதியதில் உள்ள 3 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினும் நிசானின் சொகுசுப் பிரிவான இன்ஃபினிட்டியின் க்யூ60 காரில் இங்கு ஓடியதுதான். வலப்பக்க ஸ்டீயரிங்கும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் தயாராகவே இருக்கிறது. பிறகு என்ன தடை?

பதில் 1 (பழைய மெக்கானிக்):
தடை என்பதைவிடக் கணக்கு என்பதே பொருந்தும். க்யூ60 ஐரோப்பாவுக்கு வந்த காலத்துக்குப் பிறகு விதிகள் இறுகின. நேரடி எரிபொருள் செலுத்தல் உள்ள பெட்ரோல் எஞ்சினிலிருந்து வெளியேறும் நுண்துகள்களின் எண்ணிக்கைக்கு 2018 செப்டம்பர் முதல் கடுமையான வரம்பு வந்ததால், பல கார்களின் புகைபோக்கியில் துகள் வடிகட்டி ஏறியது. அமெரிக்க விதியோ துகள்களின் எடையைத்தான் பார்க்கிறது. ஆகவே அமெரிக்காவை முதன்மைச் சந்தையாகக் கொண்ட காரை ஐரோப்பாவுக்கென்று தனியாக மாற்றி, மீண்டும் சோதித்துச் சான்று பெற வேண்டும்.

அதைவிடப் பெரிய சுமை கரியமில வாயுக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 வரை ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி கிலோமீட்டருக்கு 95 கிராம் என்ற இலக்கை ஒட்டி இருக்க வேண்டியிருந்தது. மீறும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். 225 கிராம் வெளியிடும் கார் ஒன்று இலக்கைவிட 130 கிராம் கூடுதல் என்று வையுங்கள்: அந்த ஒரு கார் சேர்க்கும் சுமை ஏறத்தாழ 12,350 யூரோ. மின்கார்கள் நிறைய விற்றால் ஈடுகட்டலாம், ஆனால் அந்த ஈட்டைச் சிறு எண்ணிக்கையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்குச் செலவிட எந்த நிறுவனம் துணியும்? பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனும் இதே பாணி விதியைத் தனக்கென வைத்துக்கொண்டது. 2024ஆம் ஆண்டு விற்பனையில் 22 விழுக்காடு மாசற்ற கார்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்தது. டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான ஜிஆர்86 வந்ததும் இரண்டே ஆண்டில் ஐரோப்பாவை விட்டுப் போனது, 2024 ஜூலையின் பாதுகாப்பு விதிகளால்.

கேள்வி (லெஸ்டர்வாசி):
நன்றி ஐயா. அப்படியானால் நானே ஒரு காரை வரவழைத்தால் இந்த அபராதம் என்னைத் தொடுமா?

பதில் 2 (துறைமுகத் தம்பி):
தொடாது, அது உற்பத்தியாளருக்கானது. ஆனால் பத்து ஆண்டுக்கு உட்பட்ட கார் என்பதால், பதிவுக்கு முன் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். பின்புற மூடுபனி விளக்கு, மைல் காட்டும் வேகமானி போன்றவை எளிதில் தீரும்; உமிழ்வுச் சான்றுதான் ஆளைச் சுற்றவைக்கும். கார் வந்து இறங்கிய 14 நாள்களுக்குள் வரித் துறைக்கு அறிவிக்க வேண்டும், 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. ஜப்பானில் முன்பணம் கட்டுவதற்கு முன்பே உமிழ்வுச் சான்றை எப்படிக் காட்டுவது என்பதை ஒப்புதல் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு விலையையும் அதே நாளில் விசாரியுங்கள், ஏனெனில் இறக்குமதிக் கார் என்றதும் சில நிறுவனங்கள் தொலைபேசியையே வைத்துவிடுகின்றன.